துவார்த்தெயின் பெயரில் பெல்ஷியோர் சொன்னது

காலைப் பீடம் தனக்குத்தான் வரும் என்று பாதர் பெல்ஷியோர் தாவிரா யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வால்செராவில் இருந்த சேசு சபைக் கல்லூரியில் இறையியலுக்கு இரண்டு ஆசிரியர் பீடங்கள். மாணவர்கள் முகம் கழுவித் தெளிந்து வந்து உட்காரும் காலை நேரத்தில் நடப்பது பெரிய பாடம். அதைச் சொல்பவரைத்தான் ஊர் இறையியல் அறிஞர் என்று கூப்பிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அலெந்தேஜு சமவெளி வெயிலில் சுவர்களே கண்ணயரும் நேரத்தில் நடப்பது மாலைப் பாடம். அந்தப் பாடத்தில்தான் பெல்ஷியோருக்குத் தலை நரைத்தது.

ஸ்பெயின் ராஜாவே லிஸ்பனுக்கும் ராஜாவாகிவிட்டிருந்த காலம் அது. பெல்ஷியோர் பெரிய இடத்துப் பிள்ளை அல்ல. அவருடைய அப்பா தக்கை மரத்தில் பட்டை உரிக்கும் கூலிக்காரர். பங்குச் சாமியாரிடம் பூசைக்கு உதவப் போன பையன், அவர் முணுமுணுத்த லத்தீனை வீட்டுக்கு வந்து அப்படியே திருப்பிச் சொன்னான். அங்கிருந்து தொடங்கிய படிப்பு. எல்லாவற்றையும் முட்டி மோதித்தான் கற்றார். கற்றது ஒன்றும் மறக்கவில்லை. அவருடைய பாடத்தில் ஓட்டை கிடையாது. ஒரு வாதத்தை எடுத்தால் அதற்கு எதிரானவற்றை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, எழுதவைத்து, அடுத்ததற்குப் போவார். குரல்தான் தட்டையானது. முன்வரிசைப் பையன்கள் எழுதுவார்கள். பின்வரிசை தூங்கும்.

காலைப் பீடத்தில் இருந்த கிழவர், நவம்பரில், சகல ஆத்துமாக்கள் திருநாள் முடிந்த வாரத்தில் இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாள் கல்லூரி அதிபர் லோரேன்சு, பெல்ஷியோரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"காலைப் பீடத்துக்கு ஆள் வருது, பெல்ஷியோர். உங்களுக்குத் தெரிஞ்சவர்தான். துவார்த்தெ ஃபல்காவோ."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் பெல்ஷியோர். வாய் தானாகச் சொன்னது.

துவார்த்தெயைத் தெரியாமல் என்ன? இருவரும் ஒரே வருடம் சபையில் சேர்ந்தவர்கள். பயிற்சி வீட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வறுத்த கஷ்கொட்டைக்குத் தோல் உரித்தவர்கள். மருந்துக் கடைக்காரர் மகன் துவார்த்தெ அன்றைக்கு லத்தீனில் ஒரு செய்யுள் எழுதத் தடுமாறுவான். அதைத் திருத்திக் கொடுத்தவர் பெல்ஷியோர். திருத்தித் தந்த செய்யுளைத் துவார்த்தெ படிப்பான், எல்லாரும் மகிழ்ந்துபோவார்கள். அதே செய்யுளைப் பெல்ஷியோர் படித்திருந்தால் ஒருவரும் தலை தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். அது அப்போதே அவருக்குத் தெரியும்.

துவார்த்தெ கோவேறு கழுதையில் வந்து இறங்கினார். தொப்பை போட்டிருந்தது. முன்பல் ஒன்று போயிருந்தது. பெல்ஷியோரைக் கண்டதும் கட்டிப்பிடித்து, "என்னப்பா, இன்னும் ஒல்லியாவே இருக்க? இந்த வீட்டுல சோறு போடறாங்களா இல்லையா?" என்று கேட்டார். நின்றிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வந்து கால் தரையில் படும் முன்பே சிரிக்க வைத்துவிட்டான் என்று பெல்ஷியோர் நினைத்தார்.

ஒரு மாதத்துக்குள் காலைப் பாடத்துக்கு இடம் போதவில்லை. துவார்த்தெ கையில் காகிதம் இல்லாமல் பேசினார். நடுநடுவே கதை சொன்னார். நேற்றுச் சொன்னது தவறு என்று தானே சொல்லிக்கொண்டு சிரித்தார். அதுவரை பெல்ஷியோரிடம் மட்டும் படித்துவந்தவர்கள் சிலரும் காலைப் பாடத்தில் விழித்திருந்து களைத்து, மாலைப் பாடத்துக்கு வராமல் போனார்கள்.

சமையல்கட்டைப் பார்த்துக்கொண்ட சகோதரர் அமாருவுக்கு வளைந்த கால். விந்தி விந்தி நடந்துகொண்டே கல்லூரிச் செய்தி அத்தனையும் சேகரித்துவிடுவார். ஒரு நாள் பெல்ஷியோரின் கிண்ணத்தில் பூண்டும் கொத்தமல்லியும் நசுக்கிப் போட்ட ரொட்டிக் கஞ்சியை ஊற்றியபடி சொன்னார்:

"கதவுக்கு வெளியில கழுதைக்காரன் ஒருத்தன் தினம் நின்னு கேக்குறான் சாமி. லத்தீன் ஒரு எழுத்து தெரியாது அவனுக்கு. துவார்த்தெ சாமி சிரிச்சா அவனும் சிரிக்கிறான்."

"கழுதைக்காரனுக்கு இறையியல் எதுக்கு?"

"அதைத்தான் நானும் கேட்டேன். மனசுக்கு எதமா இருக்குங்குறான்."

பெல்ஷியோர் துவார்த்தெயின் கிண்ணத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். அதில் முட்டை இரண்டு கிடந்தது போலத் தெரிந்தது. தன் கிண்ணத்தில் ஒன்று. அன்றைக்கு முழுவதும் அந்த முட்டை மனதை விட்டு இறங்கவில்லை.

பொறாமைக்கு இலக்கணம் சொல்லித் தருவது அவருடைய பாடத்திலேயே இருந்தது. பிறருடைய நன்மையைக் கண்டு, அது தனக்குக் குறைவு என்று வருந்துவது பொறாமை. வருடாவருடம் இதை எழுதவைத்தவர், தன்னை அதற்குள் அடங்காதபடி நிறுத்திக்கொண்டார். கைதட்டல் ஆன்மாவுக்குக் கேடு. துவார்த்தெக்குக் கிடைப்பது கைதட்டல். எனவே அவர் வருந்துவது துவார்த்தெயின் நன்மையைக் கண்டு அல்ல, கேட்டைக் கண்டு. அதற்குப் பெயர் அன்பு. வாதத்தில் ஓட்டை இல்லை. ஆனாலும் வாராவாரம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் "எரிச்சல்" என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். விளக்கவில்லை. கேட்ட குருவும் துருவவில்லை.

குளிர் இறுகிய நாளில் துவார்த்தெக்குத் தொண்டை வீங்கியது. முதலில் கரகரத்தது, பிறகு காற்று மட்டும் வந்தது, பிறகு அதுவும் இல்லை. சவரக்கார வைத்தியர் வந்து தொண்டைக்குள் பார்த்துவிட்டு, ஈஸ்டர் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் குரல் ஒரேயடியாகப் போகும் என்றார். செய்தி கேட்டபோது பெல்ஷியோர் நடைக்கூடத்தில் நின்றிருந்தார். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது போல இருந்தது. நேரே சிற்றாலயத்துக்குப் போய்த் துவார்த்தெ குணமாக வேண்டும் என்று செபித்தார். செபித்த வார்த்தை ஒன்றிலும் தன் மனம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

அதிபர் மறுபடி கூப்பிட்டார்.

"பாடம் நிக்கக் கூடாது. துவார்த்தெ எழுதித் தருவார். நீங்க காலைல போய் வாசிங்க."

"வாசிக்க மட்டுமா, பாதர்?"

"வாசிக்க மட்டும்தான்."

அப்படித்தான் பெல்ஷியோர் காலைப் பீடத்தின் மரப்படிகளில் ஏறினார். எத்தனையோ வருடம் நினைத்து ஏங்கிய படிகள். உட்கார்ந்து, துவார்த்தெயின் கோணல் எழுத்தை வாசித்தார். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய தட்டைக் குரலில் சொன்னபோதும் சிரித்தார்கள். பாடம் முடிந்ததும் பையன்கள் சூழ்ந்துகொண்டபோது, தன்னைத்தான் சூழ்ந்தார்கள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டார்.

"துவார்த்தெ சாமிக்கு எப்படி இருக்கு, பாதர்?" என்று கேட்டான் முன்னால் நின்றவன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பாடம் அருளைப் பற்றிய பகுதிக்கு வந்தது. கடவுள் ஏன் ஒருவனுக்கு நிறைவாகவும் ஒருவனுக்குக் குறைவாகவும் தம் அருளைக் கொடுக்கிறார்? துவார்த்தெ அதைச் சுருக்கமாக முடித்திருந்தார். கொடுப்பது கடவுளின் விருப்பம். யாருக்கும் எதுவும் தரவேண்டிய கடமை அவருக்கு இல்லை. ஆகவே குறைவாகப் பெற்றவனுக்கு அநீதி நடக்கவில்லை. அவன் வாய்மூடி வணங்கட்டும்.

'வாய்மூடி' என்ற இடத்தில் பெல்ஷியோரின் வாய் நின்றது. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறையப் பெற்றவனுக்கு இப்படி எழுதுவது எவ்வளவு சுலபம் என்று தோன்றியது. காகிதத்தைக் கீழே வைத்தார்.

"வணங்கட்டும்" என்றார் லத்தீனில். "ஆனால் வாய்மூட வேண்டியதில்லை. குறைவாகப் பெற்றவன் கடவுளின் முன்னால் போய் நின்று, எனக்கு ஏன் இவ்வளவுதான் என்று கேட்கலாம். அப்படிக் கேட்பது பாவம் அல்ல. அவனைத் தவிர வேறு யாருக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறது? நிறையப் பெற்றவனுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. குறைவாகக் கொடுத்தவர், கேள்விக்கும் இடம் கொடுத்திருக்கிறார். அந்தக் கேள்வியும் ஒரு செபம்."

எழுதிக்கொண்டிருந்த இறகுப் பேனாக்கள் நின்றன. பிறகு எல்லாம் சேர்ந்து ஓடின. பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "பாதர், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான்.

அவர் வாழ்நாளில் யாரும் அவரிடம் இன்னொரு தடவை கேட்டதில்லை. இன்னொரு தடவை சொன்னார். மறுநாளும் அதற்கு மறுநாளும் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு தன் போக்கில் போனார். வேத வசனங்களிலிருந்து ஆதாரம் காட்டினார். குரல்கூட ஏறி இறங்கியது என்று பின்னால் சொன்னார்கள். பையன்கள் எழுதிக்கொண்டார்கள். எழுதிய பக்கத்தின் தலைப்பில், காலைப் பாடம் என்பதால், வழக்கம்போல் துவார்த்தெ ஃபல்காவோ என்று பெயர் போட்டார்கள்.

அது அவருக்கு உறைத்தது சமையல்கட்டில். அமாரு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

"கேட்டீங்களா சாமி, துவார்த்தெ சாமி சொன்னதை? குறைவா வாங்கினவன் கேக்கலாமாமே, கடவுள்கிட்ட."

"யார் சொன்னா உனக்கு?"

"ஊரே சொல்லுது. சந்தையில ரொட்டி விக்கிறவ சொல்றா. எங்கம்மா இருந்தவரைக்கும் கேக்காதடா, கேக்காதடான்னே சொல்லிட்டுப் போயிட்டா. இன்னிக்குக் காலைல சிற்றாலயத்துல யாருமில்ல. கேட்டுட்டேன்."

"என்ன கேட்ட?"

"ஏன் இப்படி ஒரு கால குடுத்தன்னு."

"பதில் வந்துச்சா?"

"வரல. ஆனா கேட்டுட்டு வெளிய வந்தா நெஞ்சு லேசா இருந்துச்சு." அமாரு கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெங்காயமாகவும் இருக்கலாம். "துவார்த்தெ சாமி வாய்க்குச் சர்க்கரை போடணும். பேச முடியாம படுத்துக்கிட்டே எப்படி எழுதித் தர்றாரு பாருங்க."

"அது துவார்த்தெ..." என்று தொடங்கினார் பெல்ஷியோர். மேற்கொண்டு என்ன சொல்வது? வாசிக்க மட்டும்தான் என்று அதிபர் சொன்னதை மீறினேன் என்றா? நோயாளியின் பாடத்தில் என் சரக்கைக் கலந்தேன் என்றா? "துவார்த்தெ கெட்டிக்காரன்" என்று முடித்துவிட்டு வெளியே வந்தார். வாழ்க்கையில் அவர் பெற்ற ஒரே பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரனை அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு தெருவில் ஓடுவதைப் பார்ப்பது போல இருந்தது.

துவார்த்தெக்கு விஷயம் எட்டாமல் இருக்காது. பையன்கள் தினமும் போய் அவர் படுக்கையருகில் உட்கார்ந்து எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். இன்றைக்குக் கேட்பான், நாளைக்குக் கேட்பான் என்று பெல்ஷியோர் காத்திருந்தார். துவார்த்தெ கேட்கவில்லை. நடைக்கூடத்தில் எதிரில் வந்தால் தலையசைத்துச் சிரித்தார். சும்மா வந்த பேரைத் திருப்பித் தர மனமில்லாமல் சிரிக்கிறான் என்று பெல்ஷியோர் புழுங்கினார்.

குறைவாகப் பெற்றவன் கேட்கலாம் என்ற அந்த வாக்கியம் ஊர் ஊராகப் போனது. போகப் போக முரடாகியது. கழுதைக்காரன் தன் கழுதை செத்த அன்று கோயில் நடுவில் நின்று கடவுளைப் பெயர் சொல்லி அதட்டினானாம். வேறொரு சபைத் துறவி தன் பிரசங்கத்தில், சேசு சபையார் கடவுளையே கூண்டில் ஏற்றுகிறார்கள் என்று பேசினார். மதத்துக்கு விரோதமாகப் பேசுகிறவர்களைத் தண்டிக்கும் விசாரணை மன்றத்தின் காதுக்குப் போகும் முன் தாங்களே விசாரித்துவிட வேண்டும் என்று சபை மேலிடம் ஒருவரை அனுப்பியது. பாதர் புல்ஜென்சியு என்ற அந்த மேற்பார்வையாளர் கறாரான கிழவர். சத்தம் போடாமல் பேசுவார்.

அதிபரின் அறையில் அவரும் புல்ஜென்சியுவும் துவார்த்தெயும், பாடத்தை வாசித்த பெல்ஷியோரும் உட்கார்ந்தார்கள். துவார்த்தெக்கு அப்போது கிசுகிசுக்கும் அளவுக்குக் குரல் திரும்பியிருந்தது. புல்ஜென்சியு வாக்கியத்தை வாசித்தார்.

"இது உங்களுதா, பாதர் ஃபல்காவோ?"

பெல்ஷியோர் துவார்த்தெயின் வாயையே பார்த்தார். இல்லை என்று சொல்லிவிடுவான், இதோ சொல்லிவிடுவான் என்று காத்திருந்தார்.

"என் பேர்ல நடந்த பாடம்" என்றார் துவார்த்தெ கிசுகிசுப்பாக. "என்னுதுன்னே வச்சுக்குங்க."

"சபைக்கு ஆபத்து வரக்கூடிய வாக்கியம்னு தெரியுதா உங்களுக்கு?"

"தப்பா எடுத்தா ஆபத்துதான். சரியா எடுத்தா அதுல தப்பில்ல." துவார்த்தெ முன்னால் சாய்ந்தார். "கேக்குறவன் யார்கிட்ட போறான்னு பாருங்க. கடவுள விட்டு விலகினவன் கேக்க மாட்டான். போயிடுவான். கேக்குறவன் இன்னும் வீட்டுக்குள்ளதான் நிக்கிறான்."

பெல்ஷியோர் அதிர்ந்துபோனார். அந்த வாதம் அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் காட்டிய ஆதாரங்கள் அத்தனையையும்விட அது நன்றாக இருந்தது. ஒரு கிசுகிசுப்பில், நான்கு வரியில், அவருடைய ஒரே பொருளை எடுத்துத் துடைத்துப் பளபளப்பாக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டுவிட்டான். பெயரை எடுத்துக்கொண்டது போதாது, இப்போது பழியையும் எடுத்துக்கொள்கிறான்.

"அது என்னுது" என்றார் பெல்ஷியோர்.

மூவரும் திரும்பினார்கள்.

"அந்த வாக்கியம் என்னுது. அவன் எழுதினதுல அது இல்ல. நான்தான் பீடத்துல உக்காந்து சொன்னேன்."

அதிபர் லோரேன்சுவின் முகம் இளகியது. "பெல்ஷியோர், கூடப் படிச்ச சிநேகிதன்னு நீங்க இப்படி..."

"சிநேகிதமா?"

புல்ஜென்சியுவும் கையை உயர்த்தினார். "உங்க அன்பு புரியுது, பாதர் தாவிரா. ஆனா இன்னொருத்தர் பழிய நீங்க சுமக்க வேண்டாம். உங்களப் பத்தி விசாரிச்சேன். வரிக்கு வரி ஆதாரம் காட்டறவர் நீங்க. இப்படிப் பேசற ஆள் இல்ல."

அதுதான் தாங்க முடியாமல் போனது. அவரால் இதைச் சொல்லியிருக்க முடியாது என்று தீர்மானித்துவிட்டார்கள். பெல்ஷியோர் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"அன்பு இல்ல, பாதர். நான் இவன்மேல பொறாமப்பட்டவன். இவன் வந்த நாள்லருந்து. இவனுக்குக் கூட்டம் வந்தா எனக்குச் சோறு இறங்காது. இவன் கிண்ணத்துல முட்டை இருந்தாக்கூட எண்ணுவேன். தொண்டை போச்சுன்னு கேட்டு சந்தோஷப்பட்டேன். இவன் 'வாய்மூடி வணங்கட்டும்'னு எழுதியிருந்தான். எல்லாம் வாங்கினவன் என்னைப் பாத்து வாய மூடுன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. அதுலருந்து வந்தது அந்த வாக்கியம். இவனுக்கு எப்படி வரும் அது? இவனுக்கு என்ன குறைவு, கேக்கறதுக்கு?"

புல்ஜென்சியு மெல்லத் தலையசைத்தார். நம்பிவிட்டார் என்று தெரிந்தது.

"உங்களுக்குத் தெரியுமா இது?" என்று துவார்த்தெயிடம் கேட்டார்.

"பொறாமையா? பயிற்சி வீட்டுலருந்தே தெரியும்" என்றார் துவார்த்தெ. "வாக்கியமும் இவனுதுன்னு கேட்ட உடனே தெரியும். ஆனா நல்லா இருந்துச்சு. எடுத்துச் சொன்னா இவனப் பீடத்துலருந்து இறக்கிடுவாங்களேன்னு சும்மா இருந்தேன்."

இதைக் கேட்டபின் பெல்ஷியோரால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

தீர்ப்பு கடுமையாக இல்லை. வாக்கியத்தை அந்த வடிவத்தில் இனி யாரும் கற்பிக்கக் கூடாது. பெல்ஷியோர் இறையியல் சொல்லக் கூடாது. தெற்கே மீன்பிடித் துறைமுகம் ஒன்றில் சபையின் சிறு பள்ளி இருந்தது. அங்கே போய்ப் பிள்ளைகளுக்கு லத்தீன் இலக்கணம் சொல்லித்தர வேண்டும். புறப்பட்ட அன்று அமாரு ஒரு துணியில் ஒலிவக்காயும் பன்றித் தொத்திறைச்சியும் கட்டிக் கொடுத்தார். கண்ணை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

"நீங்கதானாமே சாமி" என்றார்.

"ஆமா."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம். துவார்த்தெ சாமிக்குன்னு செபமால சொல்லிட்டேன் நான். இனிமே உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும்."

துவார்த்தெயின் குரல் முழுதாகத் திரும்பவே இல்லை. கிசுகிசுப்பாகத்தான் பாடம் சொன்னார். அதனால் பையன்கள் இன்னும் நெருங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து கேட்டார்கள் என்று துறைமுகத்துக்கு வந்த பயணி ஒருவர் சொன்னார். அதற்கும் பெல்ஷியோர் அன்று சாப்பிடவில்லை.

சில வருடங்கள் கழித்து, கடல்வழி லிஸ்பன் போகிற வழியில் துவார்த்தெ துறைமுகத்தில் இறங்கினார். காற்று மாறும்வரை கப்பல் நகராது. இருவரும் பள்ளியின் பின்கட்டில் உட்கார்ந்து கரியில் சுட்ட மத்தி மீனை ரொட்டியில் வைத்துத் தின்றார்கள். விரல்களில் எண்ணெய் வழிந்தது. துவார்த்தெக்கு உடம்பு தளர்ந்திருந்தது. மீன் முள் அவர் விரல்களுக்குச் சிக்கவில்லை. பெல்ஷியோர் அவர் மீனை வாங்கி முள் எடுத்துக் கொடுத்தார்.

"நீ கேட்டியா?" என்றார் துவார்த்தெ கிசுகிசுப்பாக. "கடவுள்கிட்ட, ஏன்னு."

"தினமும்."

"பதில்?"

"இன்னும் இல்ல. நீ?"

துவார்த்தெ யோசித்தார். "நான் கேட்டதே இல்லப்பா. கேக்கணும்னு தோணினதே இல்ல. அதான் அந்த வாக்கியம் எனக்கு வரல."

அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார். கேட்கத் தோன்றாத மனிதனாகவே ஒருவன் கிழவனாகிவிட முடியும் என்பது பெல்ஷியோருக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. ஆனால் எதிரில் இருந்தவர், தனக்கு வராததைப் பெற்றவனைப் பார்க்கும் கண்ணோடு பெல்ஷியோரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் தெரிந்தது. இன்னொரு மீனை எடுத்து முள் நீக்கத் தொடங்கினார்.

மறுநாள் காற்று மாறியது. துவார்த்தெ படகுத்துறைக்குப் போனபோது பள்ளிப் பிள்ளைகள் பாதிப் பேர், அவரை முந்தின நாள்தான் பார்த்தவர்கள், கூடவே ஓடினார்கள். பெல்ஷியோர் வாசலில் நின்று அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்ட குரலுக்கு யாரும் திரும்பவில்லை. கப்பல் பாய் விரித்த பிறகுதான் வந்தார்கள், மணலும் மூச்சிரைப்புமாக. அவர் பெஞ்சைத் தட்டி எல்லாரையும் உட்காரவைத்து, விட்ட இடத்திலிருந்து இலக்கணத்தைத் தொடங்கினார்.